உப்பளத்துச் சுவரில் உண்டான பூமி

அந்துவான் முசே போன செய்தி எனக்கு ஒரு பசை வாளியோடு வந்தது. உப்பளம் என்கிற எங்கள் பேட்டையில், பள்ளிக்கூடச் சுவருக்கு எதிரே என் இஸ்திரி வண்டி நிற்கிறது. அன்று காலை கரியை ஊதிக்கொண்டிருந்தேன். போஸ்டர் ஒட்டுகிற இரண்டு பேர் வந்து சுருளைத் தரையில் விரித்தார்கள். மேலே கண்ணீர் வடிக்கும் இரண்டு கண்கள். கீழே தொப்பி போட்ட முசே. எனக்குப் படிக்கத் தெரியாது. அந்தக் கண்களைப் பார்த்த பிறகு படிக்க என்ன இருக்கிறது?

"எப்பப்பா?"

"நேத்து சாயங்காலம். டீ குடிச்சிட்டு சாஞ்சவருதான், பெருசு."

பசையில் தோய்த்த துடைப்பத்தோடு அவர்கள் சுவரை நோக்கிப் போனார்கள். அது முசே வரைந்த சுவர். "கொஞ்சம் இருங்க" என்றேன். ஏன் நிறுத்தினேன் என்பதை அவரை அறிந்த உங்களுக்கும் அறியாதவர்களுக்கும் சொல்ல வேண்டும். நான் சொல்லச் சொல்ல என் மருமகள் எழுதுகிறாள்.

முசே என்றால் பிரெஞ்சில் ஐயா; அந்தப் பள்ளியில் டிராயிங் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவரை ஊரே அப்படித்தான் கூப்பிட்டது. அப்போது அது போகிறவர் வருகிறவரெல்லாம் ஒன்றுக்கு ஒதுங்குகிற சுவர். எல்லா ஊரிலும் செய்வதுபோல் பிள்ளையார், மாதா, மசூதி என்று வரிசையாக வரைந்துவிடலாம் என்று நிர்வாகத்தில் முடிவு செய்தார்கள். முசே ஒப்பவில்லை. "சாமியக் கொண்டாந்து மூத்திரத்துக்குக் காவல் நிறுத்தறதா? செவுத்த எங்கிட்ட உடுங்க. பூமி உண்டான கதைய வரையறேன்" என்றார். சரி, ஆனால் சுவர் மறுபடி நனைந்தால் வெள்ளையடித்துச் சாமிகளை வரைந்துவிடுவோம் என்றார்கள். அந்த நிபந்தனையோடுதான் அவர் தூரிகையை எடுத்தார்.

ஒரு முனையில் தூசியும் புகையும். அது சுழன்று சுழன்று தட்டாகிறது. பாறைகள் மோதி ஒரு நெருப்புருண்டை உண்டாகிறது. இன்னொரு பெரிய உருண்டை வந்து இடிக்க, சிதறியதெல்லாம் சேர்ந்து நிலா. பிறகு மழை, ஓயாத மழை. மறு முனையில் கடல். நெருப்புருண்டைக்கு நிறம் கூடி வராதபோது என் வண்டிக்கு வந்து இஸ்திரிப் பெட்டியைத் திறக்கச் சொன்னார். "ஊதாதீங்க பெருமாளு. சாம்பல் எப்படி மூடுது பாருங்க. பூமியும் இப்படித்தான் மேல்தோல் கட்டிச்சு." நாங்கள் இருவரும் குனிந்து பார்த்துக்கொண்டிருக்க, பேங்க் அம்மா வந்து நின்றார்.

"என் பொடவ எங்க?"

"பூமி ஆறட்டும்மா, பொடவ வந்துடும்" என்றார் முசே.

படம் முடிந்த அன்றுதான் அது தெரிந்தது. எழுத்துப் போகிற போக்கில் இடமிருந்து வலமாக வரைந்திருந்தார். அந்தத் தெருவோ ஒருவழிப் பாதை. வண்டிகள் கடல் வரைந்த முனையிலிருந்துதான் வரும். ஆயுசுக்கும் நடந்தே போனவருக்கு அது தோன்றவில்லை. ஆட்டோ செல்வம் வண்டியை நிறுத்திக் கேட்டான்: "இன்னா முசே, மொதல்ல கடலு, அப்புறம் நெருப்பு, கடைசில வெறும் தூசி. ஒலகம் அழியற படமா?"

முசே என் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். டீ ஆறிப்போனது. அழித்து வரையுங்கள் என்று ஆளாளுக்குச் சொன்னோம். கடைசியில் சிரித்தார். "வண்டியில போறவனுக்கு அழியுது. நடக்கறவனுக்கு உண்டாவுது. எறங்கி நடக்கட்டும் செல்வம்."

அதன் பிறகு அவருக்கு வேலை காவல்தான். ஒருமுறை ஒருவன் தூசிப் பக்கமாகத் திரும்பி நின்றான். முசே அருகில் போய் மெதுவாக, "தம்பி, நீயும் நானும் இதுலேர்ந்துதான் வந்தோம்" என்றார். அவன் பாதியிலேயே நிறுத்திக்கொண்டு போனான். போஸ்டர்களுக்கோ வாய்ப்பேச்சு பத்தாது. காலையில் வாளித் தண்ணீரோடு வருவார். ஊறவைத்து, ஓரத்திலிருந்து நகத்தால் தூக்கி, படத்திலிருக்கும் முகம் கிழியாமல் உரிப்பார். "எந்தக் கட்சி மூஞ்சியா இருந்தா என்ன, மனுசன் மூஞ்சிதானே. கிழிக்கக் கூடாது. ஆனா இங்க இருக்கவும் கூடாது."

அவர் மனைவி ரோசம்மா தவறியபோது, உறவுக்காரர்கள் விவரம் தெரியாமல் கண்ணீர் அஞ்சலியை அந்த நெருப்புருண்டை மேலேயே ஒட்டிவிட்டார்கள். கல்லறையிலிருந்து திரும்பிய கையோடு முசே வாளி கேட்டார். "இன்னிக்கு ஒரு நாள் இருக்கட்டும் முசே" என்றேன். "அவளுக்கு உட்டா யாருக்கு இல்லேன்னு சொல்லுவேன், பெருமாளு?" அன்று நெடுநேரம் ஊறவைத்தார். ஈரத்தோடு அந்த முகத்தை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வீட்டுக்கு நடந்தார்.

இதைத்தான் அந்த இருவரிடமும் சொன்னேன்.

"அவரு வரைஞ்ச செவுரு, பெருசு. அவருக்கே எடமில்லியா?" என்றான் ஒருவன்.

"அவரு பொண்டாட்டிக்கே இல்லப்பா."

துடைப்பம் வாளிக்குள் திரும்பியது. "அப்ப எங்க ஒட்டறது?"

என் வண்டியின் பக்கப் பலகையைக் காட்டினேன், சுவரைப் பார்த்த பக்கம். அங்கேதான் இருக்கிறார். சவ ஊர்வலம் போனபோது, வண்டிகளை நிறுத்தி, தூசியிலிருந்து கடல்வரை அவரைத் தூக்கிக்கொண்டு நடந்தோம். செல்வமும் ஆட்டோவை விட்டு இறங்கி நடந்தான்.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது ஒரு வாளி. நேற்றுக் காலை மழை வரைந்த இடத்தில் காதுகுத்து போஸ்டர் ஒன்று ஒட்டியிருந்தது. மொட்டைத் தலையோடு ஒரு குழந்தை சிரித்தது. இஸ்திரிப் பெட்டி சாம்பல் பூத்தபடி கிடக்கட்டும் என்று விட்டுவிட்டு, தண்ணீர் எடுத்து வந்தேன். முகம் கிழியவில்லை.