கடதாசி இல்லாத எருமை

மண்டூர் வாவிக்கரையில் 'கிராமிய இன்பப் பண்ணை' திறந்த அன்று முதல் டிக்கெட் எடுத்து உள்ளே போனவர் வினாயகமூர்த்தி. ஆயுளெல்லாம் எருமை மேய்த்தவர் காசு கொடுத்து எருமை பார்க்கப் போகிறார் என்று ஊர் சிரித்தது. சிரித்தவர்களுக்கு விஷயம் தெரியாது. 2007இல் ஷெல்லடிக்குப் பயந்து ஓடியபோது விட்டுவிட்டுப்போன அவருடைய கறுப்பி அங்கே நிற்பதாகக் கேள்விப்பட்டிருந்தார்.

நின்றாள். கொம்பில் பிளாஸ்டிக் பூமாலை. பின்தொடையில், மனைவி சீதேவிப்பிள்ளையின் தாய்வழிக் குடிக்குறி, வினாயகமூர்த்தியே இரும்பு காய்ச்சிச் சுட்டது. மட்டக்களப்பில் மாடு யாருடையது என்று யாரும் விசாரிப்பதில்லை, குறியைப் பார்ப்பார்கள். கொழும்பிலிருந்து வந்த மனேஜரோ 'பழங்கால ஓவியம்' என்று பக்கத்தில் பலகை நட்டிருந்தார்.

"சேர், இது என்ட எருமை. குறியப் பாருங்க."

"கடதாசி இருக்கா, ஐயா?"

எருமைக்கான உரிமைக் கடதாசி வீட்டோடு எரிந்துபோயிருந்தது. மனேஜர் மனமிரங்கி ஒரு வேலை கொடுத்தார்: தலைப்பாகை கட்டி, கறுப்பிக்குப் பக்கத்தில் நின்று சிரிக்க வேண்டும். வினாயகமூர்த்தி தலைப்பாகையைக் கட்டிக்கொண்டார். கறுப்பியைத் தினமும் தொடலாமே என்று சிரித்தார்.

அந்தப் பண்ணையில் எதற்கும் சான்றிதழ் உண்டு. மாட்டு வண்டிலில் ஏறினால் ஒன்று, பால் கறந்தால் ஒன்று, தயிர்ச்சட்டியைத் தூக்கிப் படமெடுத்தால் இன்னொன்று.

மறுவருஷம் கறுப்பி கன்று ஈன்றாள். கன்று வளர்ந்ததும், வெள்ளைக்காரர்கள் பார்க்கக் குறிசுடும் விழா வைக்க மனேஜர் ஆசைப்பட்டார்.

"பழைய முறைப்படியே செய்யுங்க ஐயா."

"ஓம் சேர். மறுகா பிழையெண்டு சொல்லப்படாது."

தீயிலும் எரியாத குறியிரும்பு வீட்டிலிருந்து வந்தது. குடிக்குறி கன்றின் தொடையில் விழுந்தது. கைதட்டல், படம். மனேஜர் பூரித்துப்போய், 'இக்கன்று வினாயகமூர்த்தி குடும்பத்தின் குறியைத் தாங்கியது' என்று சான்றிதழ் எழுதி, கையெழுத்தும் முத்திரையும் வைத்து நீட்டினார்.

வினாயகமூர்த்தி அதை மடித்து மடியில் செருகிக்கொண்டு, கன்றைப் பிடித்தபடி வாசலை நோக்கி நடந்தார். மனேஜர் ஓடி வந்தார்.

"எங்க கொண்டு போறீங்க?"

"வீட்டுக்கு, சேர். கடதாசி இரிக்கி."

வினாயகமூர்த்தி விரித்துக் காட்டிய சான்றிதழில் மனேஜர் தன் கையெழுத்தையே இரண்டு முறை வாசித்தார். அதற்குள் கறுப்பி கயிற்றை அறுத்துக்கொண்டு கன்றுக்குப் பின்னால் வந்துவிட்டாள்.

"இதுக்குக் கடதாசி?" என்றார் மனேஜர்.

"தாய் பிள்ளைக்குப் பின்னால போறதுக்கும் கடதாசி கேப்பீங்களா, சேர்?"

காவலாளி மண்டூர்க்காரன். கறுப்பியின் தொடையையும் கன்றின் தொடையையும் பார்த்தான். கேற்றைத் திறந்துவிட்டான்.