ஒரு நூல் தள்ளி

பாலிடெக்னிக் வகுப்பில் வாத்தியார் கரும்பலகையில் ஓர் எஞ்சின் படம் போட்டார். சிலிண்டரின் நடுக்கோடு கிராங்கின் நடுவில் விழாமல் சற்றுத் தள்ளி நின்றது. இப்படியும் செய்வதுண்டு என்றார். மற்றவர்கள் எழுதிக்கொண்டார்கள். எனக்குக் கை ஓடவில்லை. இதே படத்தை எங்கள் எஞ்சின் கொட்டகைச் சுவரில் அடுப்புக்கரியால் என் மாமா போட்டிருந்தார்.

மாமா அம்மாவுக்குத் தம்பி. கல்யாணமாகாதவர். நான் சிறுவனாக இருந்தபோது வல்லத்திராக்கோட்டையில் எங்களோடு இருந்து, கிணற்று ஆயில் எஞ்சினைப் பார்த்துக்கொண்டார். அதன் சிலிண்டர் எப்போதும் ஒரே பக்கமாகத் தேய்ந்து தட்டிக்கொண்டிருக்கும்.

“வெடிச்சு அமுக்குற நேரத்துல பிஸ்டனையும் கிராங்கையும் கோக்குற ராடு சாஞ்சு நிக்கிதுடா. பிஸ்டன் ஒரு பக்கமாப் போயி ஒரசுது. சிலிண்டரக் கொஞ்சம் அங்கிட்டுத் தள்ளி வச்சா ராடு நேரா நின்னு அமுக்கும்” என்று என்னிடம் சொன்னார். வேறு யாரும் நின்று கேட்கவில்லை. அடியிலிருந்த போல்ட் துளைகளை அரத்தால் நீளமாக்கி, ஆசாரிகள் சொல்லும் ஒரு நூல் அளவு, அதாவது அரைக்கால் அங்குலம், சிலிண்டரை நகர்த்தினார். தட்டல் பாதியாகக் குறைந்தது.

“என்ன மாப்ள, எஞ்சினுக்குத் தொண்ட கட்டிப்போச்சா?” என்றார் அப்பா. அவர் ஒருவரைப் பாராட்டுவது அப்படித்தான்.

மாமாவுக்கு அதோடு ஆசை நிற்கவில்லை. இன்னும் அரை நூல் தள்ளலாம் என்றார். அப்போது நெல் பால் பிடித்திருந்தது.

“இன்னும் ரெண்டு தண்ணி பாயணும். அறுப்பு முடியிறவரைக்கும் அதத் தொடாத” என்று சொல்லிவிட்டு அப்பா ஆலங்குடிச் சந்தைக்குப் பஸ் ஏறினார். பஸ் மறைந்ததும் மாமா ஸ்பேனரை எடுத்தார்.

கையால் சுற்றிப் பார்த்தபோது எங்கும் இடிக்கவில்லை. ஓடவிட்டதும் அதிர்வில் போல்ட்டுகள் அந்த நீளத் துளைகளில் வழுக்கிவிட்டன. ராடு சிலிண்டரின் அடிவிளிம்பில் மோதியது. விளிம்பு உடைந்தது, ராடு வளைந்தது, எஞ்சின் நின்றது. மாட்டு வண்டியில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றியெல்லாம் நெல்லைக் காப்பாற்ற முடியுமா? கதிர் முழுக்கப் பதராகி வெளுத்துப்போயிற்று.

அப்பா ஒரு வார்த்தை திட்டவில்லை. மாட்டை மாற்றிக் கட்டியதற்கே தெரு கூடும்படி மாமாவைச் சத்தம் போட்டவர். “சாப்புட வா மாப்ள” என்றார், அவ்வளவுதான். மாமா இலை முன் உட்கார்ந்து தண்ணீர் மட்டும் குடித்துவிட்டு எழுந்தார். அப்பாவுக்குக் கோபமே வரவில்லை, இனி ஒன்றும் இல்லை என்று நான் மட்டும் வயிறாரச் சாப்பிட்டேன்.

மறுநாள் காலையில் மாமா திருச்சி வரைக்கும் போய்வருவதாகச் சொன்னார்.

“புது ராடு வாங்கிட்டு வருவீங்களா மாமா?”

“வாங்கிட்டு வாரேன் மருமகனே.”

கொடியில் கிடந்த அவருடைய வேட்டியை அம்மா உருவி மடித்துப் பையில் வைத்தாள். இன்னும் காயவில்லை.

“ஈரமா இருக்கும்மா. சாயங்காலம் வந்து கட்டிக்கட்டுமே” என்றேன்.

அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஈர வேட்டி என்று சொன்னதற்கு இவளுக்கு ஏன் இவ்வளவு கோபம் வருகிறது என்று நினைத்துக்கொண்டே விளையாடப் போய்விட்டேன்.