நாத்தனாருக்கு ஒரு முழம் பூ

நாத்தனார் இல்லாத வீடு என்று சொல்லித்தான் என்னைப் புத்தலப்பட்டுப் பக்கம் கட்டிக் கொடுத்தார்கள். மாப்பிள்ளைக்கு ஒரே ஒரு தம்பி, குறை சொல்ல ஆளே கிடையாது என்று தரகர் அடித்துச் சொன்னார். நான் தலையாட்டியதில் பாதி அதற்காகத்தான். கல்யாணமாகிச் சில வருஷத்தில், திருப்பதிக்கு வேலைக்குப் போயிருந்த அந்தத் தம்பி புடவை கட்டிக்கொண்டு வாசலில் வந்து நின்றாள். சின்ன வயதிலிருந்தே தான் பெண்தான், வீட்டுக்குத் தகவல் வரத்தான் தாமதமாகிவிட்டது என்றாள். அன்றைக்கே என் சாம்பாரை ஒரு வாய் வைத்துவிட்டு, "உப்பு எங்க அண்ணி, கடையில லீவா?" என்று கேட்டாள். எனக்கு இருந்த கொஞ்சநஞ்சச் சந்தேகமும் தீர்ந்தது. சாட்சாத் நாத்தனாரேதான்.

மாமனாருக்குத்தான் தீரவில்லை. மாமியார் அதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். மாமனார் அவளை வராதே என்று சொல்லவில்லை, வா என்றும் சொல்லவில்லை. அவள் பண்டிகைக்கு வந்தால் இவர் மாட்டுக் கொட்டகைக்குக் குடிபோய்விடுவார். பண்டிகை முடிவதற்குள் மாடுகளுக்கே இவரைப் பார்த்து அலுத்துப்போகும்.

திருப்பதியில் அவளுக்குத் துணிக்கடையில் வேலை. சாயங்காலம் பெண்களோடு கபடி ஆடுவாள். கூட ஆடும் பெண்கள் அவளை விட்டுவிட்டுப் போகவே மாட்டார்கள். போட்டி என்று வந்தால் மட்டும் எதிர் டீம் ஆட்சேபிக்கும், நடத்துகிறவர்கள் ஒரு மூலையில் கூடிப் பேசுவார்கள், கடைசியில் "ரூல் இன்னும் வரலம்மா" என்பார்கள். ரூல் எந்த ஊரிலிருந்து நடந்து வருகிறதோ தெரியாது. அது வரும்வரை இவள் தண்ணீர் பாட்டில்களுக்குக் காவல்.

"உனக்குக் கோவம் வரலியா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"வருது அண்ணி. எதிர் டீம் பொண்ணுங்க பயப்படறதும் புரியுது. ஆனா என்னை வெளிய ஒக்கார வெச்சிட்டுத்தான் என்னைப் பத்திப் பேசிக்கினு இருக்காங்க."

எங்கள் ஊரில் பொங்கலுக்கு மறுநாள், கனுமா அன்று, பெண்களுக்குக் கயிறு இழுக்கும் போட்டி நடக்கும். ஊரில் பிறந்த மகள்கள் ஒரு பக்கம், வாழ வந்த மருமகள்கள் ஒரு பக்கம். மகள்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. பிறந்த வீட்டுப் பெரியவர் கையால் ஒரு முழம் பூ வாங்கித் தலையில் வைத்துக்கொண்ட பிறகுதான் கயிற்றைத் தொடலாம். மருமகள்களுக்கு நான்தான் கேப்டன். ஜெயிக்கிற பக்கத்துக்கு ஒரு பித்தளை அண்டா. வருஷா வருஷம் அது என் வீட்டில்தான் இருக்கும், ஏனென்றால் பிறந்த வீட்டுக்கு வரும் மகள்கள் தூங்க வருகிறவர்களே தவிர இழுக்க வருகிறவர்கள் அல்ல.

ஒரு வருஷம் பண்டிகைக்கு வந்த நாத்தனார், "நானும் கயிறு புடிக்கப் போறேன் அண்ணி" என்றாள். 

"புடி. ஆனா நான் ஆட்சேபிப்பேன்."

"ஏன், நான் பொண்ணு இல்லியா?"

"பொண்ணுதான். புடவை மூட்டைய ஒத்தைக் கையால தூக்கற பொண்ணு. எங்க அண்டா போயிடாதா?"

விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு குரல் இறங்கிவிட்டது. "நைனா பூவு குடுப்பாரா அண்ணி?"

அவளுக்கு அண்டாவும் வேண்டாம், ஜெயமும் வேண்டாம் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

போட்டியன்று சொன்னபடியே ஆட்சேபித்தேன். பெரிய மைதானங்களில் இதற்கு என்ன நியாயம் என்று படித்தவர்கள் சொல்லட்டும், என் கவலை அண்டா. ரிடையரான பி.டி. மாஸ்டர்தான் நடுவர். அவர் யோசித்து, இரண்டு பக்கமும் எடை போடலாம், மகள்கள் பக்கம் கனமாக இருந்தால் இவள் நிற்கக் கூடாது என்றார். நான் பாய்ந்து ஒத்துக்கொண்டேன். ஆனால் எடை மெஷினில் ஏற ஒருத்தியும் தயாராக இல்லை. "மைக்குல சொல்லுவீங்களா சார்?" என்றே எல்லாரும் கேட்டார்கள். கடைசியில் பக்கத்து மாங்காய் மண்டிக்குப் போய், டிராக்டர் லோடு எடை போடும் மேடையில் மொத்தமாக ஏறினோம். முதலில் இவளையும் சேர்த்து மகள்கள், பிறகு நாங்கள். மேடைக்காரர் நம்பரைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். "அம்மா, ரெண்டு ட்ரிப்புலுகா ராவால்சிந்தி" என்றார். மருமகள்கள் நாங்கள் இரண்டு நடையாக வந்திருக்க வேண்டுமாம். என் ஆட்சேபம் அந்த மேடையிலேயே செத்தது.

மைதானத்துக்குத் திரும்பியதும் பூ கொடுக்கத் தொடங்கினார்கள். ஒவ்வொரு வீடாக மைக்கில் கூப்பிட, அம்மாவோ அப்பாவோ வந்து வைத்துவிட்டுப் போனார்கள். எங்கள் வீட்டைக் கூப்பிட்டார்கள். மாமனார் கூட்டத்துக்குப் பின்னால், தோளில் துண்டோடு, தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். மறுபடி கூப்பிட்டார்கள். அவர் அசையவில்லை.

அவள் கயிறு கிடந்த இடத்தை விட்டு நகர்ந்தாள். "பரவால்ல அண்ணி. நான் தண்ணி பாட்டில் பாத்துக்கறேன்" என்றாள்.

எனக்கு வந்ததே கோபம். ஆட்சேபிக்க நான் ஒருத்தி இருக்கும்போது தானாகப் போவதற்கு இவள் யார்? என் தலையில் இருந்த மல்லிகையைப் பிடுங்கி, "இந்தா, அண்ணி வெக்கறேன், குனி" என்று கத்தினேன்.

பின்னாலிருந்து அதைவிடப் பெரிய கத்தல் வந்தது. "ஏம்மா, அறிவிருக்கா உனக்கு? தலையில வெச்சிக்கினு இருந்த பூவ எடுத்து வெப்பாங்களா? எம் பொண்ணுக்கு வாடின பூவு வெச்சாங்கன்னு நாளைக்கி ஊரு பேசாதா?"

மாமனார்தான். சொல்லிவிட்டு அவரே திகைத்துப்போனார். பிறகு கூட்டத்தை விலக்கிக்கொண்டு பூக்கூடைக்காரியிடம் போனார். "கை நீட்டி அளந்து போடு" என்று அவளையும் ஒரு அதட்டல் போட்டார். பூவோடு வந்து மகள் முன்னால் நின்றார். அதை எப்படி வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை, அதெல்லாம் மாமியார் செய்த வேலை. அவள் குனிந்தாள். பின்னலில் எப்படியோ செருகினார். எதிரணிக் கேப்டன் அழக்கூடாது என்று நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். திரும்பி நின்று அழுதேன்.

விசில் ஊதினார்கள். அவள் பலத்துக்குப் பயந்து, குதிகாலை மண்ணில் புதைத்து, உயிரைக் கொடுத்து இழுத்தேன். மகள்கள் மொத்தப் பேரும் கொத்தாக வந்து எங்கள் காலடியில் விழுந்தார்கள். என்னால் நம்பவே முடியவில்லை. பார்த்தால், இவள் ஒரு கையால்தான் கயிற்றைப் பிடித்திருந்தாள். இன்னொரு கை பின்னந்தலையில் இருந்தது.

"ரெண்டு கையாலயும் இழுத்தா என்னடி? இதுக்கா லோடு மேடை வரைக்கும் போயி மானம் போச்சு எனக்கு?"

உடம்பெல்லாம் புழுதியோடு கிடந்தவள் தலையிலிருந்து கையை எடுக்கவில்லை.

"போங்க அண்ணி. நைனா வெச்ச பூவு. வுழுந்துடும்."