மருந்தடிக்காத மண்

என் மாமனார் சாவதற்கு அவசரப்படவில்லை. எண்பதுகளின் நடுவில் ஒரு மழைக்காலத்தில், இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று ஆஸ்பத்திரியிலிருந்து அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கோலசிலாங்கூருக்கு வெளியே அவருடைய ஆறு ஏக்கருக்கு நடுவில் பலகை வீடு. முன்கூடத்தில் கட்டிலைப் போட்டுப் படுக்கவைத்தோம். சொந்தக்காரர்கள் வந்து பால் ஊற்றிவிட்டுப் போனார்கள். சிலர் இரண்டாம் முறையும் வந்து ஊற்றினார்கள். கோலா குபு பாருவில் நான் குமாஸ்தாவாக இருந்த அலுவலகத்துக்கு போன் செய்து லீவை நீட்டிக் கேட்டபோது, மேலதிகாரி "இன்னுமா?" என்றார். மரியாதையாகத்தான் கேட்டார்.

சாவு அவருக்குப் புதிதல்ல. ஜப்பான்காரன் காலத்தில் சயாம் ரயில் பாதைக்குப் பிடித்துக்கொண்டு போனவர்களில் திரும்பி வந்த சிலரில் ஒருவர். பிறகு கம்யூனிஸ்டுகளோடு சண்டை நடந்த அவசரகாலத்தில் ஸ்பெஷல் கான்ஸ்டபிளாகி, ரப்பர் பாலுக்கு மரம் வெட்டப் போனவர்களுக்குத் துப்பாக்கியோடு காவல் நின்றார். பிறகு துரைமார்கள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்ற நேரத்தில் ஒரு துண்டை வாங்கினார். தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவர் நிலக்காரர் ஆனார். தென்னை வைத்தார், அதன் நிழலில் கொக்கோ வைத்தார், பிள்ளைகளைக் கரையேற்றினார். மாப்பிள்ளைத் தேர்வில் மட்டும் சறுக்கிவிட்டதாக அவருக்கு ஒரு வருத்தம் இருந்தது. "நம்ம மாப்ள புஸ்தகத்துல பக்கம் பொரட்டுவாரு, மம்புட்டியால மண்ணு பொரட்டச் சொன்னா பாத்ரூமுக்குப் போயிருவாரு" என்பார். இரண்டும் உண்மை.

இப்போது அவரால் பேச முடியவில்லை. கண் கூரையைப் பார்த்தபடியே திறந்திருந்தது. மூச்சு தொண்டையில் வந்து நிற்கும். நாங்கள் எழுந்து நிற்போம். மூச்சு திரும்பிப் போகும். மாமியார் சோறு தொடவில்லை. "அவ்ளோ சாவத் தாண்டி வந்த மனுசன். இப்படி இழுத்துக்கிட்டுக் கெடக்கணுமா?" என்று எங்களிடம் கேட்டார்.

ராசா ஊரிலிருந்து வந்திருந்த மாமனாரின் தம்பியிடம் அதற்குப் பதில் இருந்தது. "மண்ணாச. அதான் உசுரு போவ மாட்டேங்குது. சொந்த மண்ண எடுத்துக் கரைச்சு ஊத்துங்க, அண்ணன் நிம்மதியா போயிருவாரு" என்றார்.

நான் பகுத்தறிவு பற்றிக் கட்டுரை எழுதியவன். உள்ளூர்ப் பத்திரிகையில் என் பெயரைத் தப்பாகப் போட்டு வெளியிட்டார்கள். ஆனால் சாவு வீட்டில் வேலையில்லாமல் நிற்பவன் மருமகன் ஒருவன்தான். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். கொட்டாங்குச்சியும் கரண்டியும் எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

முதல் கொக்கோ மரத்தடியில் குனிந்தபோது மச்சான் பின்னாலேயே ஓடிவந்தான். மாமனாரின் மூத்த மகன், நிலத்தை இப்போது பார்த்துக்கொள்பவன்.

"அத்தான், அங்க வேணாம் லா. போன மாசம்தான் புல்லுக்கு மருந்தடிச்சேன்."

"ஒரு பிடி மண்ணுதானே?"

"அப்பா வாயில நானே மருந்து ஊத்துன மாதிரி ஆயிரும் அத்தான்."

சிரிக்கத் தோன்றியது. சிரிக்கவில்லை. அந்த மருந்தைக் குடித்து, வாயெல்லாம் வெந்து செத்தவர்களின் வீடுகளுக்குத் தோட்டப்புறத்தில் எல்லாரும் போயிருக்கிறோம். அவன் முகத்தைப் பார்த்தபின் கரண்டியை எடுத்துவிட்டேன்.

இருவரும் தேடிக்கொண்டு நடந்தோம். தென்னை வரிசை மருந்தடித்தது. எல்லைக்கல் ஓரம் அடித்தது. வடிகால் கான் ஓரத்திலாவது கிடைக்கும் என்று தண்ணீர் ஓடுகிற இடம்வரை போனோம். அங்கேதான் முதலில் அடித்ததாம். மாமனாருக்குக் கையில் வலு இருந்தவரை புல்லை அரிவாளால்தான் வெட்டினார். வலு போனபின் மகன் முதுகில் பம்பைக் கட்டிக்கொண்டான். ஆறு ஏக்கர் வைத்திருந்தவருக்கு வாயில் வைக்க ஒரு பிடி மண் கிடைக்கவில்லை.

கடைசியில் வீட்டின் பின்பக்கம் வந்து நின்றோம். அடுப்படிக்குப் பின்னால் பழைய தகரத்தால் அடைத்த ஒரு மூலை. மரவள்ளியும் பசலைக்கீரையும் கறிவேப்பிலையும். நிலம் வாங்கப் பணம் பற்றாதபோது மாமியாரின் நகையெல்லாம் போனது. அதற்குப் பதிலாக அவர் கேட்டு வாங்கிய மூலை அது. மாமனாருக்கு அங்கேயும் கொக்கோ வைக்க வேண்டும். வருசா வருசம் கேட்பார், வருசா வருசம் சண்டை நடக்கும், தோற்பார். "எங்கூட்டுக்குப் பின்னால இன்னொரு நாடு இருக்கு, எனக்கே விசா கெடைக்கல" என்று விருந்தாளிகளிடம் சொல்வார். மருந்துப் பம்பு அந்தத் தகரத்தைத் தாண்டியதே இல்லை.

மாமியார் வாசற்படிக்கு வந்தார். மச்சான் தலையைக் குனிந்துகொண்டே சொன்னான்: "அம்மா, இங்கதான் மருந்து படல."

"அது அவரு மண்ணு இல்லியே."

உள்ளேயிருந்து மச்சானின் சித்தப்பா, அந்த ராசாக்காரர், குரல் கொடுத்தார். "பொண்டாட்டி மண்ணு புருசன் மண்ணுதான் அண்ணி."

"இத்தன வருசமா அந்த மனுசன் அதத்தான் சொல்லிக்கிட்டிருந்தாரு. நான் ஒத்துக்கல."

நான் கொட்டாங்குச்சியைப் பிடித்துக்கொண்டு, பிச்சை கேட்கிறவன்போல நின்றேன். மாமியார் அதை வாங்கிக்கொண்டு தகரத்தைத் தள்ளி உள்ளே போனார். பசலைக்கொடியை விலக்கிவிட்டு விரலாலேயே தோண்டினார். கூட வந்த மண்புழுவை எடுத்துத் திரும்ப விட்டார். மண்ணைத் தண்ணீரில் கரைத்து, வெள்ளைத் துணியில் வடிகட்டி, கட்டில் அருகே உட்கார்ந்தார்.

"ஏங்க. இது பின்னால உள்ள மண்ணு. எடுத்துக்குங்க. நான்தான் குடுக்கறேன்."

ஒரு கரண்டி ஊற்றினார். முந்தின நாளிலிருந்து பால்கூட கடைவாய் வழியே வழிந்துகொண்டிருந்தது. இது இறங்கியது. கூரையிலிருந்த கண் மெல்ல மாமியார் பக்கம் வந்தது.

அந்த நிமிசமே உயிர் பிரிந்திருந்தால் சித்தப்பாவைக் கையில் பிடித்திருக்க முடியாது. அப்படி நடக்கவில்லை. மறுநாள் முற்பகலில்தான் போனார். இழுப்பு இல்லை. மாமியார் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு வாய் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தபோது மூச்சு இல்லை.

குளிப்பாட்ட வாசலில் பலகை போட்டோம். மாமியார் வேண்டாம் என்றார்.

"பின்னால தூக்கிட்டுப் போங்க."

மச்சான் தகரத்தைப் பிடுங்கிச் சாய்த்தான். தூக்கிக்கொண்டு போன நாங்கள், கொடிகளைப் பார்த்து, கால் வைக்கத் தெரியாமல் ஓரத்திலேயே நின்றுவிட்டோம்.

"மிதிங்க, பரவால்ல" என்றார்.