மச்சான் கொண்டுவந்த உகுலேலே

சூசைராஜை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. மின்சாரத் துறையில் மீட்டர் ரீடிங் எடுப்பவன். காரைக்காலைச் சுற்றி விழிதியூர், குரும்பகரம் என்று நாளெல்லாம் சைக்கிள் மிதித்துவிட்டு, சாயங்காலம் கோயிலில் என் ஆர்மோனியத்துக்குப் பக்கத்தில் வந்து நிற்பான். அவனுக்கு ஒரே ஆசைதான். மனைவி ஞானமேரி கிறிஸ்துமஸ் பூசையில் தனியாக ஒரு பாட்டுப் பாட வேண்டும்.

ஞானமேரிக்குக் கனத்த குரல். மற்றப் பெண்கள் பாடும் உயரத்துக்கு அது ஏறாது. கீழே நின்று பாடினால் கேட்டுக்கொண்டே இருக்கலாம். "நான் கட்டையக் கொறச்சு வாசிக்கிறேன், பாடச் சொல்லு" என்றேன்.

"ஒம் பொட்டி அவ கொரல முழுங்கிடும்டா பிலோமின். கூடவே மெதுவாப் பேசுற கம்பி வாத்தியம் வேணும்."

ஞானமேரியின் அண்ணன் சந்தனசாமி பிரெஞ்சுப் பட்டாளத்தில் தஹித்தித் தீவில் இருந்தார். எழுபத்தைந்தில் லீவில் வந்தபோது ஓர் உகுலேலே கொண்டுவந்தார். கித்தார் போலவே இருக்கும், ஆனால் குட்டி, நாலே நரம்பு. சூசைராஜ் மீட்டினான். கீச்கீச்சென்றது. ஞானமேரியின் குரலுக்கும் அதற்கும் ஒட்டவே இல்லை.

"எப்புடி இருக்கு மாப்ள?"

"பிரமாதம் மச்சான்!"

பெண் கொடுத்த வீட்டார் கொண்டுவந்ததைக் குறை சொல்வதா? எங்கள் பக்கம் அது நடக்காது. செருப்பு கடித்தாலும் போட்டுக்கொண்டு சிரிக்க வேண்டும். இந்த மரியாதையின் பலன் மூன்று வருடம் கழித்து வந்தது. அதைவிடச் சின்ன உகுலேலே, கொட்டாங்கச்சியில் செய்தது! காரைக்காலில் கொட்டாங்கச்சிக்கா பஞ்சம்? அதற்கும் பிரமாதம் மச்சான்.

வாய்விட்டுக் கேட்கக் கூச்சப்பட்டவன் கைவேலையில் இறங்கினான். முதல் உகுலேலேயில் மாண்டலின் கம்பியைக் கட்டி முறுக்கினான். கம்பியைத் தாங்கும் கட்டை பிய்ந்து மோவாயில் அடித்தது. மீனவர்களிடம் தடித்த தூண்டில் நரம்பு வாங்கி மற்றதில் கட்டினான், தொளதொளவென்று ஆடியது. அந்தச் சின்ன வயிற்றில் கனத்த சத்தம் எங்கிருந்து வரும்? ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும், "இந்த வருசம் வேணாம் மேரி, சத்தம் சேரல" என்பான். அவள் பின்வரிசைக்குப் போய் வாயை மட்டும் அசைப்பாள்.

எண்பத்தொன்றில் மூன்றாவது கீச்சானைச் சந்தனசாமி நீட்டியபோது என்னால் பொறுக்க முடியவில்லை. "அண்ணே, தங்கச்சி கொரலுக்கு இது ஆவாதுண்ணே. ஒடம்பு பெரிசா, அடிக்கொரல்ல பேசுறதா வேணும்" என்று போட்டு உடைத்தேன். சூசைராஜ் என்னை முறைத்தான்.

சந்தனசாமி திகைத்துப்போனார். "மொதல்லயே சொல்லக்கூடாதா மாப்ள? அதே கடையில பக்கத்துலயே தொங்குச்சே!"

எண்பத்து நாலில் பெரியது வந்தது. சூசைராஜ் மீட்டியதும் எனக்கே சிலிர்த்தது. இத்தனை காலம் அவன் வாயால் முனகிக் காட்டிய சத்தம் அதுவேதான். ஆனால் முந்தின வருடம் ஞானமேரிக்குக் கழுத்துக் கழலை ஆபரேஷன் ஆகியிருந்தது. அவன் கெஞ்சியதற்காக இரண்டு வரி பாடினாள். குரல் வெறும் காற்றாக வந்து நின்றுபோனது.

"வாத்தியம் சரியாத்தாங்க இருக்கு," என்றாள். "எனக்குத்தான் இப்ப சேரல."

எனக்கு வந்த ஆத்திரத்தை யார்மேல் காட்டுவதென்று தெரியவில்லை. சந்தனசாமி பழக்க தோஷத்தில் கேட்டுவிட்டார். "எப்புடி இருக்கு மாப்ள?"

சூசைராஜ் உகுலேலேயைப் பாயில் வைத்தான்.

"நல்லா இல்ல மச்சான்."