நகக்கண் அளவு

“...தள்ளிவிட்டா மட்டும் அது ஓடுன தூரமாயிருமா, பாய்? குடுத்ததைக் குடிச்சுச்சு, இம்புட்டுத் தூரம் வந்துச்சு. அம்புட்டுத்தான்.”

டிரைவர் இதைச் சொன்னது வாடிப்பட்டிக்குக் கொஞ்சம் இந்தப் பக்கம், நடவு முடிந்த வயல்களுக்கு நடுவே, நல்ல வெயிலில். எஞ்சின் அப்போதுதான் நின்றிருந்தது. முன்கண்ணாடிக்குப் பக்கத்தில் கட்டித் தொங்கவிட்டிருந்த ஒரு காலன் தகர டின் காலி. அதிலிருந்து எஞ்சினுக்குப் போன ரப்பர் குழாய் மட்டும் இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. எதிரே மூன்று பஸ் நீளத் தூரத்தில் வாய்க்கால் பாலம். அதன் கைப்பிடிச் சுவரில், முதல் நாள் நானே இழுத்த சுண்ணாம்புக் கோடு. அந்தக் கோட்டைத் தாண்டியிருந்தால் அவருக்கு வேலை. தாண்டவில்லை. பஸ்ஸில் நாங்கள் இரண்டு பேர்தான், மற்றதெல்லாம் மணல் மூட்டை. ரோட்டில் ஈ காக்கை இல்லை. “தள்ளுவோம் டிரைவர், நான் வாயைத் தொறக்க மாட்டேன்” என்று சொன்னேன். அதற்கு அவர் சொன்ன பதில்தான் மேலே இருப்பது.

இரண்டாவது உலகச் சண்டைக் காலம் அது. பெட்ரோலுக்குக் கூப்பன் வந்துவிட்டது. சிம்மக்கல்லில் எங்கள் முதலாளிக்கு இரண்டு பஸ், இரண்டு டிரைவர், ஒரு மெக்கானிக். மெக்கானிக் நான். பள்ளிக்கூடம் போய்க் கற்றதில்லை. பழைய எஞ்சின்களைக் கழற்றி, திரும்ப மாட்டத் தெரியாமல் விழித்து, விழித்துத்தான் கற்றேன். கூப்பனுக்குக் கிடைக்கிற பெட்ரோல் ஒரு பஸ்ஸுக்கே காணாது என்று ஆனதும் முதலாளி ஒரு பஸ்ஸைக் கொட்டகையில் ஏற்றிவிட்டார். இரண்டு டிரைவரில் ஒருவர்தான் இருக்க முடியும். முதலாளி சிக்கனக்காரர், ஆனால் கெட்டவர் இல்லை. எவன் ஓட்டினால் எண்ணெய் மிச்சமாகுதோ அவன் இருக்கட்டும் என்றார். ஒரே பஸ், ஒரே பீப்பாயிலிருந்து ஆளுக்கு ஒரு காலன், ஆட்களுக்குப் பதில் வைகை மணல் மூட்டைகள். ஒரு நாள் ஒருவர், மறுநாள் மற்றவர். எது வரை போகிறதோ அங்கே கோடு. திரும்பி வருவதற்கு வேறொரு டின். “கூடப் போய்க் கோடு போட பாய் இருக்காரு. பாய் பொய் சொல்ல மாட்டாரு” என்றார்.

முதல் நாள் ஓட்டியவர் என் மச்சான். என் தங்கையின் புருஷன். இரண்டாம் நாள் ஓட்டியவர்தான் டிரைவர். ஊரில் எல்லோருக்கும் அவர் வெறும் டிரைவர்தான். மச்சானைத்தான் இன்னொரு டிரைவர் என்பார்கள்.

டிரைவர் வாடிப்பட்டிப் பக்கத்துக்காரர். அவருடைய அப்பன், பாட்டன் எல்லாம் அடுத்தவர் வயலில் கூலிக்கு இறங்கியவர்கள். சொந்தமாக ஒரு குழி நிலம் கிடையாது. இவர் எப்படியோ ஒரு லாரியில் மூட்டை ஏற்றப் போய், லாரி கழுவப் போய், கடைசியில் ஸ்டீயரிங்கைப் பிடித்துவிட்டார். அவர் வேலைக்கு வந்த அன்றிலிருந்து அவர் மனைவி நடவுக்குப் போவதை விட்டுவிட்டாள். அவர்கள் தெருவில் பெண்டாட்டியை வயலுக்கு அனுப்பாத ஒரே வீடு அது. அவருடைய அப்பன் வேலை செய்த நிலத்துக்காரர் ஒருநாள் எங்கள் பஸ்ஸில் ஏறினார். தன் தோப்பு வாசலிலேயே நிறுத்தச் சொல்லிக் கையைத் தட்டினார். டிரைவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நிறுத்தத்தில்தான் நிறுத்தினார். நிலத்துக்காரர் முணுமுணுத்துக்கொண்டு இறங்கிப் போனபின் டிரைவர் என்னிடம் சொன்னார்: “எங்கப்பன் அவரு சொன்ன எடத்துல நிப்பான், பாய். இப்ப நா நிப்பாட்டுன எடத்துல அவரு எறங்குறாரு.” சொல்லிவிட்டு ஹாரனை ஒருமுறை அமுக்கினார், எதிரே ஒன்றும் வராமலேயே.

ஜனங்கள் பேசுவதைக் கேட்டுச் சேர்த்து வைப்பது எனக்குப் பழக்கம். நோட்டில் இல்லை, மண்டையில்தான். அந்தப் பஸ்ஸில் கேட்ட பேச்சு மட்டும் ஒரு மூட்டை தேறும். சண்டைக்கு முன்னால் நல்ல பெட்ரோல் வந்தது. ஆக்டேன் என்கிற சொல்லெல்லாம் எங்கள் காதுக்குப் பிற்பாடுதான் வந்தது. அன்றைக்கு எங்களுக்குத் தெரிந்தது தட்டாத பெட்ரோல், தட்டுகிற பெட்ரோல், இவ்வளவுதான். சண்டை வந்ததும் தட்டுகிற பெட்ரோல் மட்டுமே வந்தது. பாரம் இழுக்கும்போது, மேடு ஏறும்போது, எஞ்சினுக்குள் சின்னச் சுத்தியல் வைத்து அடிக்கிற மாதிரி டக் டக்கென்று கேட்கும். வெற்றிலைக் கூடையோடு ஏறுகிற ஒரு அம்மா, “உள்ள யாரோ கதவைத் தட்டுறாகப்பா” என்பாள். டிரைவர் ரோட்டைப் பார்த்தபடியே, “வீட்டுக்காரரு தொறக்க மாட்டேங்குறாரு ஆத்தா” என்பார். முதலாளியிடம் பஸ் இழுக்கவில்லை என்று சொன்னால், “மெதுவாப் போங்கய்யா, வாடிப்பட்டி எங்கயும் ஓடிப்போயிறாது” என்பார்.

தட்டலை நிறுத்த வழி உண்டு. பிளக்கில் நெருப்புப் பொறி எந்த நேரத்தில் விழ வேண்டும் என்பதை டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பி முன்னே பின்னே வைக்கலாம். முன்னே வைத்தால் எஞ்சின் பாய்ந்து இழுக்கும், மட்டப் பெட்ரோல் என்றால் தட்டும். பின்னே வைத்தால் தட்டாது. ஆனால் அளவுக்கு மேல் பின்னே போனால் பெட்ரோலின் பலம் பாதி சூடாகப் போய்விடும், அதே வேகத்துக்குக் காலை இன்னும் அமுக்க வேண்டும், தூரம் குறையும். இரண்டுக்கும் நடுவே சரியான இடம் என்று ஒன்று இருக்கிறது. அது ஒரு நகக்கண் அளவுதான். பெட்ரோலை அளந்து விடுகிற கார்புரேட்டர் ஊசியும் அப்படித்தான். அதிகம் திறந்தால் பிளக் கரியாகும், குறைத்தால் சுண்ணாம்பு பூசினதுபோல் வெளுக்கும். பிளக்கைக் கழற்றினால் கருப்பட்டி நிறத்தில் இருக்க வேண்டும். அந்த நிறம் வந்துவிட்டால் நான் அதை முகத்துக்கு நேரே பிடித்து ஒரு நிமிஷம் பார்த்துக்கொண்டிருப்பேன். என் தொழிலில் எனக்கு இருந்த சந்தோஷம் அதுதான்.

அப்படிக் கருப்பட்டி நிறம் வரும்படி சரிசெய்துதான் முதல் நாள் பஸ்ஸை மச்சானிடம் கொடுத்தேன். டிஸ்ட்ரிபியூட்டரை வைத்த இடம் தெரிய, அதன் கழுத்தில் ஸ்க்ரூடிரைவர் முனையால் ஒரு கோடும் கீறினேன். மச்சான் நன்றாகத்தான் ஓட்டினார். வாய்க்கால் பாலத்தின் நடுவே வந்து நின்றது. “பாலத்து மேட்டுல லேசாத் தட்டுச்சு மச்சான்” என்றார், திரும்பி வரும்போது. ஆற்றுப் பாலத்தில் ஏறுகிற இடத்தைச் சொன்னார். லேசாகத்தான் தட்டியது. நானும் கேட்டேன். அந்த அளவு தட்டுவது நல்ல அடையாளம், சரியான இடத்தின் ஓரத்தில் இருக்கிறோம் என்று அர்த்தம்.

மறுநாள் காலையில் தங்கை பட்டறைக்கு வந்தாள். தூக்குச் சட்டியில் இட்லி. எதையும் கேட்கவில்லை. எண்ணெய் படாத ஒரு மூலையாகப் பார்த்துச் சட்டியை வைத்தாள். “ராத்திரியெல்லாம் அவுக தூங்கலண்ணே. பெரியவனை மதரஸாவுல ஓதுறதுல இருந்து நிப்பாட்டிட்டு எங்கனயாச்சும் வேலைக்கு விடலாமான்னு கேக்குறாக. அவனுக்கு இன்னும் சட்டைப் பொத்தானே போடத் தெரியாது.” அவ்வளவுதான் சொன்னாள். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு போய்விட்டாள்.

நான் பானட்டைத் திறந்தேன். நேற்றுத் தட்டியது, மச்சானே சொன்னார், தட்டாமல் வைப்பது மெக்கானிக் வேலை. இப்படித்தான் எனக்குள் ஓடியது. நட்டைத் தளர்த்தி, டிஸ்ட்ரிபியூட்டரைக் கீறலிலிருந்து பின்னால் நகர்த்தினேன். ஒரு நகக்கண் அளவு. யாரும் குற்றம் சொல்ல முடியாத அளவு. எந்த மெக்கானிக்கைக் கூட்டி வந்து காட்டினாலும், இந்தப் பெட்ரோலுக்கு இப்படித்தான் வைக்க வேண்டும் என்றுகூடச் சொல்வான். எனக்குத் தெரியும் அது அப்படி இல்லை என்று.  நட்டை இறுக்கிவிட்டு, கையைத் துடைத்து, இட்லியைத் தின்றேன். சட்னியில் உப்புக் கூட என்று நினைத்தது ஞாபகம் இருக்கிறது.

டிரைவர் வந்தார். “நேத்துத் தட்டுச்சாம், கொஞ்சம் பின்னால வச்சிருக்கேன்” என்றேன். “நீங்க வச்சாச் சரி பாய்” என்றார். செருப்பைக் கழற்றி சீட்டுக்கு அடியில் தள்ளினார். வெறுங்காலால்தான் ஓட்டுவார். எஞ்சின் உள்ளங்காலில் பேசும் என்பார். எண்ணெய் மிச்சமாக ஓட்டுவது எப்படி என்று ஒருமுறை கேட்டதற்கு, “சாணி மொழுகுன ஈரத் தரையில நடக்குற மாதிரி மிதிக்கணும் பாய், தடம் விழுந்துறக் கூடாது” என்றார். அன்றைக்கும் அப்படித்தான் ஓட்டினார். இறக்கங்களில் எஞ்சினைச் சும்மா விட்டார். மாடுகள் குறுக்கே வந்தபோது பிரேக்கைத் தொடாமல் தூரத்திலேயே வேகத்தைக் குறைத்துக்கொண்டார். அந்த மாதிரி ஒரு ஓட்டத்தை அதற்கு முன்னாலும் நான் பார்த்ததில்லை, பின்னாலும் பார்த்ததில்லை. எஞ்சின் சரியாக இருந்திருந்தால் வாய்க்கால் பாலத்தைத் தாண்டி ஒரு மைல் போயிருப்பார்.

ஆற்றுப் பாலத்து மேட்டில் அவர் காதைச் சாய்த்தார். “தட்டவே இல்லையே, பாய்” என்றார்.

“ஆமா” என்றேன்.

 சமயநல்லூர் தாண்டியதும் ரேடியேட்டரில் ஆவி வந்தது. அதையும் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை. காலை மட்டும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார், ஒரு வீட்டுக்குள் இருட்டில் தரையைத் தடவி நடக்கிற மாதிரி.

முதலாளி மச்சானை வைத்துக்கொண்டார். டிரைவர் ஊருக்குப் போய்விட்டார். அடுத்த நடவுக்கு அவர் மனைவி வயலில் இறங்கினாள் என்று அந்த வெற்றிலைக்கார அம்மா பஸ்ஸில் யாரிடமோ சொல்லிக்கொண்டு வந்தாள். அதே நிலத்துக்காரர் வயல். தங்கையின் மகன் ஓதி முடித்தான். பிற்பாடு ஜவுளிக் கடையில் நல்ல வேலையில் இருந்தான். நான் அவனைப் பார்க்கும்போது அவன் சட்டைப் பொத்தான்கள்தான் கண்ணில் படும். அது தவிர எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. இதைப் படிக்கிறவர்கள் நான் அழுதேன், தொழுகையில் கேட்டேன் என்று எதிர்பார்ப்பார்கள். தொழுதேன், வழக்கம்போல. அதைப் பற்றிக் கேட்கவில்லை. பின்னால் தள்ளி வைத்த எஞ்சினைப் போலத்தான் இருந்தேன். சத்தம் வராது. ஓடிக்கொண்டிருக்கும்.

சண்டை முடியும் சமயத்தில் ஒருமுறை வாடிப்பட்டிக்குப் பஸ்ஸில் போனேன். வைக்கோல் வண்டி ஒன்று வழிவிட ஓரம் ஒதுங்கியது. நுகத்தடிக்குப் பின்னால் நின்றிருந்தவர் டிரைவர். மச்சான் பஸ்ஸை நிறுத்தினார். “பாய், சௌக்கியமா? வீட்ல எல்லாரும்?” என்று வண்டியிலிருந்தே கேட்டார். சௌக்கியம் என்றேன். எஞ்சின் ஓடுவதைத் தலையைச் சாய்த்துக் கொஞ்ச நேரம் கேட்டார். “சத்தம் இப்ப நல்லாருக்கு” என்றார். மாட்டைத் தட்டினார்.

இப்போது பெட்ரோல் பங்குகளில் எண் போட்டு இரண்டு தினுசாக விற்கிறார்கள். எந்த வண்டிக்கு எது என்று பையன்களே சொல்கிறார்கள். போன வாரம் ஒருவன் என்னிடம், “பெரியவரே, ஒங்க வண்டிக்கு வெல கூடுனதெல்லாம் வேணாம், தட்டாம ஓடுதுல்ல, அது போதும்” என்றான். நல்ல பையன். தட்டாமல் ஓடினால் போதும் என்று நினைக்கிற வயது. நான் ஆமாம் என்று தலையாட்டிவிட்டு வந்தேன். வரும் வழியெல்லாம் அந்த வாய்க்கால் பாலம்தான் எதிரே நின்றது.

அன்றைக்கு, அம்புட்டுத்தான் என்று சொல்லிவிட்டு டிரைவர் கீழே இறங்கினார். செருப்புப் போடவில்லை, தார் இல்லாத ரோடு, சூடு எப்படி இருந்திருக்கும். முன்னால் போய்ப் பானட்டைத் திறந்தார். தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் சுற்றிக்கொண்டார். குனிந்து, கீறல் எங்கே இருக்கிறது, டிஸ்ட்ரிபியூட்டர் எங்கே இருக்கிறது என்று பார்த்தார். அதிக நேரம் பார்க்கவில்லை. சீட்டுக்கு அடியிலிருந்து ஸ்பானரை எடுத்து வந்து நட்டைத் தளர்த்தினார். நான் பின்னால் தள்ளியதை ஒரு நகக்கண் அளவு முன்னால் நகர்த்தி, கீறலில் கொண்டுவந்து நிறுத்தி, நட்டை இறுக்கினார். பானட்டை மூடி இரண்டு கொக்கியையும் மாட்டினார். பிறகு வரப்போரம் போய், தலையளவு இருந்த ஒரு கல்லைத் தூக்கி வந்து, முன்சக்கரம் நின்ற இடத்துக்கு நேராக, ஒரு விரல்கூட முன்னே போகாமல், ரோட்டோரத்தில் வைத்தார்.