மூன்று விரல்களுக்கு ஓர் இரங்கல் தாள்

பல்கேரியாவில், டானூப் கரையோரச் சிறுநகரம் ஒன்றின் சந்தையில் இருபத்திரண்டு வருடம் நின்றபடியே குடமிளகாய் ஊறுகாய் விற்றவள் ரைனா. சர்க்கரை நோய் அவளுடைய வலது பாதத்தை அழுகவைத்தபோது டாக்டர் விச்செவ் கையில் போய் விழுந்தாள்.

விச்செவ் ஆறு வருடமாக ஒரு காலையும் வெட்டாதவர். அதை விருதுபோல மார்பில் குத்திக்கொண்டு திரிந்தார். வெட்டுவது தோற்ற வைத்தியனின் வேலையாம். அதனால் ரைனாவின் சுண்டுவிரலை மட்டும் எடுத்தார். ஒரு மாதம் கழித்து அடுத்த விரல். பிறகு நடுவிரல். வெண்டைக்காய் நறுக்குகிறவன்கூட அத்தனை தவணை வாங்கமாட்டான்.

கருமை கணுக்காலை நெருங்கியது. புதிதாக வந்திருந்த டாக்டர் நெவேனாதான் ரைனாவிடம் உள்ளதைச் சொன்னார். இப்போதே முட்டிக்குக் கீழே வெட்டினால் செயற்கைக் கால் மாட்டி நடக்கலாம். முட்டியும் போய்விட்டால் சந்தையில் மறுபடி நிற்பது சந்தேகம்.

ரைனா விச்செவிடம் கேட்டுப் பார்த்தாள்.

"அவசரப்படாதீங்கம்மா. என் வார்டுல யாருக்கும் கால் போகாது."

"கால் போகாது, சரி. நான் போயிடுவேனே டாக்டர்?"

அவர் அடுத்த கட்டிலுக்கு நகர்ந்துவிட்டார்.

அந்த ஊரில் யாராவது செத்தால், படம் போட்டுக் கறுப்புக் கட்டமிட்ட தாளைக் கதவிலும் மரத்திலும் ஒட்டுவார்கள். ரைனா புருஷன் மிலோவை அச்சகத்துக்கு விரட்டினாள்.

"விரலுக்காடி? ஊரே சிரிக்கும்."

"சிரிக்கட்டும்னுதான ஒட்டச் சொல்றேன்."

மறுநாள் காலை ஆஸ்பத்திரி வாசற்கதவில் கட்டுப்போட்ட பாதத்தின் படம். அதன் கீழே: 'வலது காலின் மூன்று விரல்கள். டாக்டர் விச்செவின் பெருமைக்காக ஒவ்வொன்றாக உயிர்நீத்தன. ஆழ்ந்த துயரத்தில், மீதி இரண்டு விரல்களும் முட்டியும்.'

மூன்று மாதமாக அவளுடைய கேஸ் ஷீட்டைத் திறந்தும் பாராத தலைமை மருத்துவர், கதவில் இருந்ததை நின்று, கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார். அன்றைக்கே விச்செவைக் கூப்பிட்டு வெட்டச் சொன்னார். விச்செவ் முடியாதென்று விடுப்பில் போனார். நெவேனா வெட்டினார். முட்டிக்கு ஒரு சாண் கீழே.

பத்தாம் நாள் விச்செவ் திரும்பி வந்து கட்டிலருகே நின்றார்.

"இன்னும் ஒரு மாசம் பொறுத்திருந்தா காலைக் காப்பாத்தியிருப்பேன்."

ரைனா போர்வையை விலக்கி, அவர் கண்ணெதிரே முட்டியை மடக்கினாள், நீட்டினாள், மறுபடி மடக்கினாள்.